தவசிமுத்துவின் பென்சில் கோடுகள்

நம்மோடு பேசிக்கொண்டிருக்கும்போதே தவசிமுத்துவின் இடது கைப் பெருவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதையைச் சொல்லுவார். "பையன் ராஜபாளையம் மில்லுல பிட்டரா இருக்கான். கொணம் தங்கம்" என்று முடிப்பதற்குள் ஒரு லாரியும் இரண்டு சைக்கிளும் ஒரு மாட்டு வண்டியும் போயிருக்கும். நான்கும் விரலில் ஏறியிருக்கும். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "பத்து நிமிஷத்துல நாப்பத்தாறு. இன்னைக்கு முகூர்த்தம்லா, அதான்" என்று சொல்லிக்கொண்டே சைக்கிளை எடுப்பார்.

நெடுஞ்சாலைத் துறையில் அவர் ரோடு இன்ஸ்பெக்டர். இன்ஸ்பெக்டர் என்றதும் ஜீப்பையும் தொப்பியையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு சைக்கிள், கேரியரில் சுருட்டிக் கட்டிய டேப், ஹாண்டில்பாரில் ஆடுகிற தூக்குச்சட்டி, அவ்வளவுதான் அவருடைய அதிகாரம். கூமாப்பட்டிப் பக்கத்து ரோடுகள் அவர் பொறுப்பு. எந்தக் குழி எந்த மழைக்கு விழுந்தது, எந்தப் புளியமரக் கிளை பஸ் கூரையில் உரசுகிறது என்பதெல்லாம் மனப்பாடம். வழியில் கல் கிடந்தால் இறங்கி ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் மறுபடி ஏறுவார். அவரோடு சேர்ந்து சைக்கிளில் போகிறவர்கள் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு போய்ச் சேருவதில்லை.

ஆட்களை அவர் வண்டியை வைத்துத்தான் அடையாளம் சொல்லுவார். "யாரு, மணி இல்லாத பச்சை சைக்கிளா? அவிய நல்ல மனுசர்லா" என்பார். நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட், ஒரு டி.வி.எஸ். 50-ஐ நம்பிப் பிழைக்கிறவன். என் வண்டியைத் தூரத்தில் கேட்டே, "ஏஜெண்ட் தம்பி, சைலன்சர்ல ஓட்டை விழுந்திருக்கு, பாருங்க" என்று சொன்னவர் இவர். பார்த்தேன். விழுந்திருந்தது.

அவர் மனைவி ஆவுடையம்மாள் இந்தப் பழக்கத்தைப் பற்றி ஒரு புகார் வைத்திருக்கிறார். "மக நிச்சயதார்த்தத்துக்கு எத்தனை பேரு சாப்பிட்டாவன்னு கேட்டா இவுகளுக்குத் தெரியாது. எத்தனை வண்டி வந்துச்சுன்னு கேளுங்க, மாட்டுக்குக் கொம்பு எப்படி இருந்துச்சுங்கற வரைக்கும் சொல்லுவாக."

சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பொருள் இருக்கும். முனை சீவிய ஒரு பென்சில். அடர் சிவப்பில் ஒரு மைப்பேனா. பேனாவைக் கையெழுத்துப் போட மட்டும்தான் திறப்பார். மற்றதெல்லாம் பென்சில்தான். ஏன் என்று கேட்டேன். "பென்சிலு தப்பு பண்ணுறதுக்கு. பேனா, தப்பில்லன்னு சொல்லுறதுக்கு" என்றார். பென்சிலின் அடியில் நூல் கட்டி ஒரு ரப்பர் துண்டு தொங்கும். இந்த ரப்பர் ஒரு ஊரையே அவர் மேல் கோபப்பட வைத்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை துறையில் வாகனக் கணக்கு எடுப்பார்கள். ஏழு நாள், காலை ஆறு முதல் மாலை ஆறு வரை ஒரு ஆள் ரோட்டோரம் உட்கார்ந்து போகிற வருகிற வண்டிக்கெல்லாம் கோடு போட வேண்டும். நான்கு கோடு நிமிர்த்திப் போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுக்க வேண்டும். மடித்த போர்வை அளவுக்கு ஒரு படிவம். அதில் பஸ், லாரி, கார், டிராக்டர், மோட்டார் சைக்கிள், சைக்கிள், மாட்டு வண்டி என்று கட்டங்கள். பஞ்சாயத்து யூனியன் ரோடாக இருக்கிற மண் பாதையில் போதுமான வண்டி போகிறது என்று இந்தக் கணக்கில் தெரிந்தால், நெடுஞ்சாலைத் துறை அதை எடுத்துக்கொண்டு ஜல்லி கொட்டித் தார் போடும். தார் போட்ட பிறகுதான் பஸ் விடுவதைப் பற்றிப் பேச்சே தொடங்கும்.

கூமாப்பட்டியில் இருந்து ஆலடிக்குளம் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் மெயின் ரோட்டில் வந்து ஏறும் ஐந்து மைல் அப்படி ஒரு மண் பாதை. ஆலடிக்குளத்தில் நானூறு வீடு. தென்னந்தோப்பு, நெல், எருமை. எருமைப் பால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அடுப்புக்குப் போக வேண்டும். கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அந்தக் குழிகளில் இறங்கி ஏறிப் போவதற்குள் வெயில் வந்துவிடும். ஊர்ப் பால் சங்கத்துக்கு ஞானபாக்கியம்தான் செயலாளர். நாற்பது வயது ஒல்லிப் பெண்மணி, குரல் மட்டும் ஒலிபெருக்கி. "எருமை நல்ல பாலைத்தான் குடுக்கு. ரோட்டுல வச்சுத்தான் அது திரியுது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

பாலைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் இருந்தது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனி வைத்திருக்கும் சிங்கராஜா, ஆலடிக்குளத்துப் பெண்கள் நாற்பது பேருக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். எட்டு மணிக்கு கேட்டுக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. பஸ் இல்லாத ஊரில் இருந்து எட்டு மணிக்கு எப்படிப் போவது? அந்த நாற்பது பேரில் ஞானபாக்கியத்தின் மகளும் ஒருத்தி.

எண்பத்தேழில் தவசிமுத்து இந்த ரோட்டைக் கணக்கெடுக்க வந்தார். மண் பாதை மெயின் ரோட்டில் ஏறும் இடத்தில், புளியமரத்து அடியில் ஸ்டூலைப் போட்டார். காக்கிச் சட்டை. பக்கத்தில், துறை விதிப்படி, குச்சியில் கட்டிய சிவப்புக் கொடி. மடியில் அந்தப் பெரிய தாள். ஏழு நாள் உட்கார்ந்தார். நாளுக்கு ஆறு மாட்டு வண்டி, முப்பது சைக்கிள் என்று வந்தது. பஸ் கட்டத்தில் தினம் சாயங்காலம் அழகாக ஒரு பூஜ்யம் எழுதினார். "வெறுமனே விட்டா மறந்துட்டேன்னு நெனப்பாக" என்பது அவர் நியாயம். மேலாபீஸில் கேட்டது நாளுக்கு இருநூறு வண்டி.

ஏழாம் நாள் சாயங்காலம் ஸ்டூலை மடக்கும்போது ஞானபாக்கியம் வந்து சேர்ந்தார்.

"அண்ணாச்சி, எம்புட்டு வரி போடப் போறீய?"

"வரியா? என்ன வரி?"

"வண்டிக்கு வரி போட ஆளு வந்திருக்குன்னுல்ல ஊரே கண்மாக்கரை வழியா போச்சு! காக்கியும் கொடியும் நோட்டுமா உக்காந்திருந்தா வேற என்னன்னு நெனப்பாவ? அறுபத்து மூணு வண்டி இருக்கு ஊர்ல. சுத்திச் சுத்திக் கரை மேலேயே ஓட்டி மாடு நொண்டுது."

தவசிமுத்து மடக்கிய ஸ்டூலை மறுபடி விரித்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாராம். எந்த ரோட்டுக்காக அவர் வந்தாரோ அந்த ரோட்டில் போகிற அத்தனை பேரையும் அவரே பயமுறுத்தி விரட்டியிருக்கிறார். மறுபடி எண்ணலாமா என்று இன்ஜினீயர் மூலமாக எழுதிக் கேட்டார். அடுத்த முறை பார்க்கலாம் என்று பதில் வந்தது. அடுத்த முறை என்றால் மூன்று வருஷம். இரண்டு நாள் அவர் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. இந்தக் கதையை முதல் தடவை கேட்டபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு நிறுத்திக்கொண்டேன்.

அந்த மூன்று வருஷமும் அவர் ஞாயிற்றுக்கிழமைகளை ஆலடிக்குளத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். யூனியன் ரோட்டுக்குத் துறையின் மண்ணில் ஒரு சட்டி கூடக் கொட்ட முடியாது. குழியோடு கிடந்தால் வண்டி வராது. வண்டி வராவிட்டால் கணக்கு வராது. ஆகவே யார் யாரிடம் எது சும்மா கிடக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார்.

தேங்காய் மண்டி ஜமால் முகமதுவின் லாரி, தேங்காய் ஏற்றுவதற்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து காலியாகத்தான் வரும். "பாய், காத்தை ஏத்திக்கிட்டு வர்றதுக்குச் சரளை ஏத்திக்கிட்டு வரலாமே" என்று கேட்டார். ஜமால் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "ரோடு அண்ணாச்சி, இம்புட்டு நாளும் எங்க தேங்காய மாட்டு வண்டியில மெயின் ரோடு வரைக்கும் கொண்டாந்து மாத்தி ஏத்துதோம். லாரி தோப்புக்குள்ள போற மாதிரி பண்ணித் தாங்க, சரளு என்ன, மலையவே கொண்டாறேன்" என்றார். சரள் வந்தது. பால் சங்கத்து ஆட்கள் பரப்பினார்கள். ஒரு ஞாயிறு நானும் மண்வெட்டி பிடித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அரை மணி நேரத்தில் என் கையில் கொப்புளம் வந்ததை ஞானபாக்கியம் ஊருக்கே அறிவித்துவிட்டார்.

சிங்கராஜாவைப் பார்க்க ராஜபாளையம் போனபோது அவர், "ரண்டி, ரண்டி" என்று தெலுங்கில் வரவேற்று நாற்காலி போட்டாராம். கம்பெனித் தாளில், ரோடும் பஸ்ஸும் வந்தால் நாற்பது பேருக்கு வேலை உறுதி என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். பால் சங்கத்துத் தீர்மானம், மண்டிக் கடிதம், கம்பெனிக் கடிதம் மூன்றையும் சேர்த்து இன்ஜினீயர் மேஜையில் வைத்தார் தவசிமுத்து. இன்ஜினீயர் இளைஞர், நல்ல மனிதர். படித்துவிட்டு, "இதெல்லாம் சரி. சரளை அமுக்க ரோலர் வேணுமே, அதுக்கு நான் எங்க போவேன்?" என்றார்.

ரோலர் அப்போது கூமாப்பட்டி வேலையை முடித்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்ப வேண்டியிருந்தது. ரோலர் லாரியில் ஏறி வருவதில்லை. தன் காலிலேயே உருண்டு வரும். "அது எப்படியும் வந்துதான ஆகணும் சார். மெயின் ரோட்டுல வந்தா என்ன, ஆலடிக்குளம் வழியா வந்தா என்ன?" என்றார் இவர். இன்ஜினீயர் யூனியன் ஆபீஸில் சம்மதக் கடிதம் வாங்கினார். முறைப்படி எழுதி, ரோலர் போகும் வழியை மாற்றினார். ரோலரும் கிளம்பியது. அரை நாளில் வர வேண்டிய தூரத்தை மூன்று நாள் வந்துகொண்டே இருந்தது. ஓட்டுநரிடம் யாராவது கேட்டால், "வாற வழிதான்" என்று சொல்லிவிட்டு ரிவர்ஸ் போட்டார்.

தொண்ணூறாம் வருஷக் கணக்குக்குத் தவசிமுத்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கொடியைச் சுருட்டிப் பைக்குள் வைத்திருந்தார். வீடு வீடாக ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது: வரி இல்லை, இது நம்ம ரோட்டுக்கு. முதல் நாள் காலையிலேயே வண்டிகள் வரிசை கட்டின. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பென்சில் ஓடியது. பத்து மணி வாக்கில்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது. இடது கொம்பு வளைந்த ஒரு செவலைக் காளை நான்காவது தடவையாக அவரைக் கடந்து போனது. வண்டியில் ஒன்றுமே இல்லை.

"ஏலே சின்னக்கருப்பா, நில்லு. எங்க போற?"

"சும்மா, செத்த நேரம் காத்தாட" என்றார் வண்டியில் இருந்த சின்னக்கருப்பன். அவருக்குப் பின்னால் இன்னும் எட்டு வண்டிகள், எட்டும் காலி, காத்தாடிக்கொண்டு வந்தன. போன தடவை ஒளிந்துகொண்ட ஊர், இந்தத் தடவை சுற்றிச் சுற்றி வந்து கடனைத் தீர்க்கப் பார்த்தது.

தவசிமுத்து ரப்பரை எடுத்தார். காலியாகச் சுற்றிய வண்டிகளின் கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தார். எது எது என்று அவருக்குத் தெரியும்; மாடுகளைத் தெரிந்தவர் அல்லவா. சின்னக்கருப்பனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்க ரோட்டுக்குத்தான எண்ணுதீய? ரெண்டு கோடு கூடப் போட்டா உங்க கை தேஞ்சா போயிரும்?"

"கை தேயாது. மேல இருந்து ஒரு ஆபீசர் வந்து ஒரு மணி நேரம் உக்காந்து எண்ணுனாம்னு வையி, எங்கணக்கும் அவங்கணக்கும் ஒத்துப் போகலன்னா அம்புட்டுத் தாளையும் கிழிச்சுப் போட்டுருவான். பொறவு இன்னும் மூணு வருசம். உங்க நெசக் கோடும் சேந்துல்ல போயிரும்."

ஊருக்கு இது ஏறவில்லை. அன்று மத்தியானம் அவருக்குத் தண்ணீர் கொடுக்கவும் யாரும் வரவில்லை. ஞானபாக்கியம் மட்டும் வந்தார். வழக்கமான குரல் இல்லை. "நாப்பது பொம்பளப் புள்ளைய வேலைக்குப் போகணும்னு காத்துக் கெடக்கு. உங்க ரப்பரு எங்க வாயில மண்ணப் போட்டுராம பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். மூன்றாம் நாள் வரைக்கும் சராசரி நூற்று அறுபதைத் தாண்டவில்லை. அந்த மூன்று நாளும் அவர் பென்சிலின் அடியைக் கடித்துக் கடித்தே பாதியாக்கிவிட்டார் என்று எனக்குத் தெரியும். நான் அந்த வழியாகப் போனபோது, என் டி.வி.எஸ். 50-ஐ மோட்டார் சைக்கிளில் சேர்ப்பதா, சைக்கிளில் சேர்ப்பதா என்று கேட்டுச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். "பெடல் இருக்குல்லா" என்றார், சிரிக்காமல். ஆனால் மோட்டார் சைக்கிள் கட்டத்தில்தான் போட்டார்.

நான்காம் நாள் ஜமாலின் முதல் லாரி ஆலடிக்குளம் தோப்புக்குள்ளேயே போய்த் தேங்காய் ஏற்றிக்கொண்டு முனகிக்கொண்டே வந்தது. அதைப் பார்த்ததும் நெல் வியாபாரியின் டிராக்டர் துணிந்தது. கண்மாக்கரையில் போய்க்கொண்டிருந்த பால் சைக்கிள்கள், அமுக்கிய சரளில் வழுக்கிக்கொண்டு வந்தன. வெளியூர் மாட்டு வண்டிகளும் சுற்று வழியை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பின. எல்லாம் பாரத்தோடு வந்தவை. ஒன்றையும் அழிக்க வேண்டியிருக்கவில்லை.

ஐந்தாம் நாள் சொல்லி வைத்தாற்போல மேலாபீஸ் ஜீப் வந்தது. அதிகாரி தவசிமுத்துவிடம் பேசவில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு, பத்து மணி முதல் பதினொரு மணி வரை அவரே எண்ணினார். ஊர் தூரத்தில் நின்று பார்த்தது. சின்னக்கருப்பன் வண்டியைப் பூட்டாமல் வீட்டு வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார். பதினொரு மணிக்கு அதிகாரி எழுந்து வந்து இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் தாளில் இருபத்து மூன்று. இவர் தாளில் இருபத்து மூன்று. அதிகாரி தவசிமுத்துவின் தாளின் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார். ஜீப் போன பிறகு தவசிமுத்து அதற்கும் ஒரு கோடு போட்டார்.

சொம்பு நிறைய மோரைக் கொண்டுவந்து நீட்டியவர் சின்னக்கருப்பன். ஏழு நாள் சராசரி இருநூற்றுப் பதினான்கு. பஸ் கட்டத்தில் மட்டும் ஏழு பூஜ்யம்.

ரோட்டைத் துறை எடுத்துக்கொண்டு, ஜல்லி போட்டு, தார் ஊற்றி முடிக்க இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. இந்தச் சித்திரையில் டவுன் பஸ் வந்தது. அதன் முதல் நாள் ஓட்டத்தில் தவசிமுத்துவைக் காணோம். வேறு ரோட்டில் பாலத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாராம். அடுத்த வருஷம் அவருக்கு ஓய்வு. மகளுக்கு அந்தப் பிட்டர் மாப்பிள்ளையையே பேசி முடித்தாயிற்று. நிச்சயதார்த்தத்துக்குப் பதினாறு வண்டி வந்தது என்பதை நானே அவர் வாயால் கேட்டேன்.

சென்ற வாரம் மறுபடியும் வாகனக் கணக்கு. ஆலடிக்குளம் ரோட்டுக்கு அவரே கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அதே புளியமரம், அதே ஸ்டூல். முதல் நாள் காலை நானும் போய் மரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். பேச்சுக் கொடுத்தால் பதில் சொன்னார். கண் ரோட்டிலேயே இருந்தது. பால் சைக்கிள்கள் போயின. பென்சில் கோடு. ஜமாலின் லாரி போயிற்று. பென்சில் கோடு.

ஆறே முக்காலுக்கு ஆலடிக்குளம் வளைவில் ஹாரன் கேட்டது. பஸ்ஸின் கூரையில் பால் கேன்கள். உள்ளே பேண்டேஜ் கம்பெனிக்குப் போகிற பெண்கள், மடியில் தூக்குச்சட்டியோடு, ஒரே பேச்சும் சிரிப்பும். முன் ஜன்னலில் ஞானபாக்கியத்தின் மகள். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஞானபாக்கியமே நின்றிருந்தார். பால் கேன்களுக்குக் காவல். இவரைப் பார்த்ததும், "அண்ணாச்சி, எங்கள எண்ணியாச்சா?" என்று அதே ஒலிபெருக்கிக் குரலில் கத்தினார். டிரைவர் பால்பாண்டி பிரேக்கைப் போட்டு, "ஏறலியா அண்ணாச்சி?" என்று எட்டிப் பார்த்தார்.

"ஏலே, நீ கெளம்பு. நீ போனாத்தான நான் எழுத முடியும்!"

பஸ் கிளம்பி மெயின் ரோட்டில் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் திரும்பியது. தவசிமுத்து பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். சட்டைப் பையில் இருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, மூடியைத் திருகிக் கழற்றி, பஸ் என்று போட்ட கட்டத்தில் மெதுவாக ஒரு கோடு இழுத்தார். மை காய்கிற வரைக்கும் தாளை மடக்காமல் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டே இருந்தார்.